கேள்வி – பதில்: கிளாக்கர் ஏன் ‘லோயரிடம் கேளுங்கள்’ என்கிறார்?

போன மாதம் இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன், இளைப்பாறும்வரை நான் சிவில் கோர்ட்டில் கிளாக்கராக இருந்தவன் என்று. அவ்வளவுதான். வழக்கமாகச் சாதகம், சமையல், பிள்ளை படிக்கிறானில்லை என்று வரும் கடிதங்களைத் தள்ளிவிட்டு கோடு கச்சேரிக் கேள்விகளாக வந்து குவிந்துவிட்டன. இந்த மாதம் முழுக்க அதையே எழுதுங்கள் என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார். சரி, எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சட்டத்தரணி அல்ல. சட்டத்தரணிகள் கொண்டுவந்து போட்ட கடதாசிகளை வாங்கி, இலக்கம் போட்டு, நூல் கோத்து, தொலையாமல் பார்த்துக்கொண்டவன். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: வாடகை வீட்டு அட்வான்ஸ் காசைத் திருப்பித் தரவில்லை என்று அம்மாவின் பெயரில் ஒரு வழக்குப் போட்டிருக்கிறோம். புதுக்கடைக் கோர்ட்டுக்குப் போய்க் கவுண்டரில் எதைக் கேட்டாலும் ‘உங்கட லோயரிட்ட கேளுங்கோ’ என்றே திருப்பி அனுப்புகிறார்கள். தெரிந்துகொண்டு சொல்லாமல் விடுகிறார்களா, அல்லது அவர்களுக்கே தெரியாதா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: தெரியும் தங்கச்சி, பெரும்பாலும் தெரியும். பத்து வருடம் ஒரே மேசையில் காசு வழக்குகளின் கோப்புகளைப் புரட்டியவனுக்கு, ஒரு கோப்பைத் திறந்ததுமே எது எங்கே இடிக்கப்போகிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். சொல்லாததற்குக் காரணம் வேறு. உங்கள் அம்மா நின்ற அதே கவுண்டரில், அரை மணித்தியாலம் கழித்து அந்த வீட்டுக்காரரும் வந்து நிற்பார். அவரும் இதே கேள்வியைத்தான் கேட்பார். உங்களுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தால் அவருக்கு எதைச் சொல்வது? இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தால் இரண்டு பேருக்கும் லோயர் நான்தான் என்றாகிவிடும், பிறகு அந்தக் கோப்பு என் கையில் இருப்பதை யார் நம்புவார்கள்?

நான் ஒரு தடவை வாயை விட்டு மாட்டியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும், வெளி மாவட்டக் கோர்ட் ஒன்றில் இருந்தேன். வயதான ஒருவர் டிக்ரீக் கடதாசியோடு வந்தார். அவர் கோர்ட்டுக்கு வராததால் எதிர்த்தரப்பை மட்டும் விசாரித்து ஒருதலையாகக் கொடுத்த தீர்ப்பு. எப்போது கிடைத்தது ஐயா என்று கேட்டேன், முந்தாநாள் என்றார். இப்படிப்பட்ட தீர்ப்பை நீக்கித் தரச் சொல்லிக் கேட்க, டிக்ரீ கையில் கிடைத்ததிலிருந்து 14 நாள் உண்டு. அதை நம்பி, நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில், ‘நாள் இருக்கிறது, பதறாமல் ஒரு லோயரைப் பார்த்துக்கொண்டு அடுத்த கிழமை வாருங்கள்’ என்று அனுப்பிவிட்டேன். அவர் எட்டு நாள் கழித்து வந்தார். கோப்பைத் திறந்து பார்த்தால் பிஸ்கால் (கோர்ட் கடதாசிகளை நேரே கொண்டுபோய்க் கொடுப்பவர்) அறிக்கையில் வேறு திகதி. அவர் சொன்ன ‘முந்தாநாள்’ மகள் வாசித்துச் சொன்ன நாள். கடதாசி அவர் கைக்கு வந்தது அதற்கும் ஒரு கிழமை முந்தி. கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் ‘நாள் இருக்கிறது’ என்ற அன்றைக்கு மிஞ்சியிருந்ததே ஐந்து நாள். கோப்பைத் திறக்காமல் சொன்னது என் பிழை. ஆனால் அவர் என்னைக் கோபிக்கவில்லை, ‘நீங்கள் சொன்னதால்தானே தம்பி ஆறுதலாக வந்தேன்’ என்று மட்டும் சொன்னார். கவுண்டருக்கு உள்ளே நிற்பவன் சொல்வதை ஜனங்கள் கோர்ட்டே சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு நானும் ‘லோயரிடம் கேளுங்கள்’ கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பதிலைச் சொல்வது சோம்பல். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். கவுண்டரில் கேட்கக்கூடிய கேள்விகள் நிறைய உண்டு: அடுத்த தவணை எப்போது, எந்த இலக்க அறை, அழைப்பாணை போய்ச் சேர்ந்ததாக அறிக்கை வந்திருக்கிறதா, போன தவணையில் நீதிபதி என்ன கட்டளை போட்டார், போட்ட மோஷன் (கோர்ட்டிடம் எழுத்தில் கேட்கும் விண்ணப்பம்) கோப்பில் ஏறிவிட்டதா, முத்திரை குறைகிறதா. இவற்றுக்குப் பதில் சொல்வது கிளாக்கரின் வேலை. ‘வெல்லுவோமா’, ‘விடையில் (வழக்குக்கு எதிராளி எழுத்தில் கொடுக்கும் பதிலில்) என்ன எழுதுவது’, ‘இணங்கிப் போவது நல்லதா’ என்பவை அவருடைய வேலை அல்ல. அம்மாவின் விஷயத்தில் ‘எங்கட கேஸ் என்ன மாதிரி?’ என்று கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்தக் கிளாக்கரிடமும் பதில் கிடையாது. அடுத்த முறை வழக்கு இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய், ‘அழைப்பாணை அறிக்கை வந்துவிட்டதா?’ என்று கேட்டுப் பாருங்கள்.

இலக்கம் எழுதும்போது முன்னால் வரும் எழுத்துகளையும் சேர்த்து எழுதுங்கள். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் டீ.எம்.ஆர். என்றால் காசு வழக்கு, டீ.எல்.எம். என்றால் காணி, டீ.டீ.ஆர். என்றால் வங்கிகள் போடும் கடன் மீட்பு வழக்கு. வெறும் எண்ணை மட்டும் சொன்னால் அதே எண்ணில் வேறு ராக்கையிலும் ஒரு கோப்பு இருக்கும்.

கேள்வி: ஏ.எல். எழுதிவிட்டு இருக்கிறேன். கோர்ட் கிளாக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசனை. ஒரு நாள் முழுக்க அங்கே என்னதான் செய்வீர்கள்? (முகத்துவாரம் வாசகர்)

பதில்: தம்பி, படத்தில் வருவதுபோல மேசையைத் தட்டும் சத்தம், ‘ஒப்ஜெக்‌ஷன்’ எல்லாம் நினைத்துக்கொண்டு வந்தால் ஏமாந்துபோவீர்கள். வேலை முக்கால்வாசி கடதாசி, கால்வாசி மனிதர்.

ஒரு நாள் உண்மையில் முதல் நாள் பின்னேரமே தொடங்கிவிடும். நாளைக்கு எடுபடப்போகும் வழக்குகளின் பட்டியலை வைத்துக்கொண்டு ரெக்கோட் ரூமிலிருந்து கோப்புகளை இறக்க வேண்டும். ஒவ்வொன்றையும் திறந்து, போன தவணையில் நீதிபதி சொன்னது செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அழைப்பாணை அனுப்பச் சொல்லியிருந்தால் போயிருக்கிறதா, போயிருந்தால் அறிக்கை திரும்பி வந்து கோப்பில் கோத்திருக்கிறதா என்று. இல்லாவிட்டால் காலையில் நீதிபதி தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பார், அதற்கு அந்த அறிக்கையைத் தேடி பிஸ்கால் பிரிவுக்கு மூன்று தடவை நடப்பது எவ்வளவோ மேல். காலையில் கட்டுக்கட்டாகக் கோப்புகள் திறந்த மன்றுக்குப் போகும். முதலியார் இலக்கத்தையும் பெயர்களையும் கூப்பிடுவார். (கோர்ட் மொழிபெயர்ப்பாளரைத்தான் முதலியார் என்போம், சாதிப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், பழைய பதவிப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.) ஒரு வழக்கு எழும்பி அமர இரண்டு நிமிடம்கூட எடுக்காது. அந்த இரண்டு நிமிடத்தில் நடந்ததை ஜேர்னல் என்ற தாளில் ஏற்றி, திகதி போட்டு, நீதிபதி கையெழுத்து வைப்பார்.

அந்த ஜேர்னல்தான் எங்கள் உயிர். 1889ஆம் ஆண்டு வந்த குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைதான், எத்தனையோ திருத்தங்களோடு, இன்றைக்கும் ஓடுகிறது. வழக்குத் தாக்கலான நாளிலிருந்து நடக்கும் ஒவ்வொன்றையும் நடந்த ஒழுங்கிலேயே குறித்துவைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. யார் வந்தார், யார் வரவில்லை, என்ன கடதாசி போட்டார்கள், அடுத்த தவணை எப்போது, எல்லாம். லோயர் மாறுவார், நீதிபதி இடமாற்றத்தில் போவார், கட்சிக்காரரே செத்துப்போய் மகன் வந்து நிற்பான். இருபது வருடத்துக்கு முந்தி என்ன நடந்தது என்று சொல்ல அந்தத் தாளை விட்டால் வேறு ஆள் இல்லை.

மத்தியானத்துக்குப் பிறகுதான் கிளாக்கருக்கு உண்மையான வேலை. காலையில் நீதிபதி சொன்ன ஒவ்வொரு வசனமும் பின்னேரம் ஒரு கடதாசியாக மாற வேண்டும், அழைப்பாணையாகவோ அறிவித்தலாகவோ பிஸ்காலுக்குப் போகும் கட்டளையாகவோ. அடுத்த தவணையைத் தவணைப் புத்தகத்தில் அந்தத் திகதியின் பக்கத்தில் எழுத வேண்டும். இந்தச் சின்ன வேலையை மறந்தால் நடப்பதை நாங்கள் ‘வழக்கு தூங்கிவிட்டது’ என்போம். கோப்பு ராக்கையில் இருக்கும், கட்சிக்காரர் வீட்டில் காத்திருப்பார், ஆனால் எந்த நாளின் பட்டியலிலும் அந்த இலக்கம் வராது. யாராவது மோஷன் போட்டுத் தட்டி எழுப்பினால்தான் உண்டு.

அதைவிடப் பொல்லாதது கோப்பு இடம் மாறுவது. ஒருமுறை 4517 என்ற கோப்பை மூன்று நாள் தேடினோம், மூன்று பேர். பதிவாளர் கூப்பிட்டுக் கேட்கிறார், லோயர் கோபிக்கிறார், கட்சிக்காரரான அந்த அம்மா ஒன்றும் பேசாமல் வாசலில் வாங்கில் இருக்கிறா. அந்தப் பேசாமல் இருந்ததுதான் தாங்கமுடியவில்லை. கடைசியில் 4571க்குப் பக்கத்தில் கிடைத்தது. யாரோ களைத்துப்போன நேரத்தில் இரண்டு இலக்கத்தை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். அது நானாகவும் இருக்கலாம்.

வேலைக்கு ஆள் எடுப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டிருங்கள், போட்டிப் பரீட்சை இருக்கும். இடமாற்றம் வரும், போகத்தான் வேண்டும். சிங்களம் எழுத வாசிக்கத் தெரியாவிட்டால் கொழும்பில் தடுமாறுவீர்கள், அதை இப்போதே படியுங்கள். கையெழுத்து அழகாக இருக்கத் தேவையில்லை, ஆனால் 1ஐயும் 7ஐயும் வேறுபடுத்தி எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கூட வேலை செய்த ஒருவருக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்தேன். எழுத்தில் எதுவும் இல்லை, வட்ஸ்அப்பில் ‘அடுத்த மாதம் தாறன் அண்ணை’ என்று அனுப்பிய மெசேஜ்கள் மட்டும் இருக்கின்றன. இரண்டு வருடமாகிவிட்டது. நேரே கோர்ட்டுக்குப் போகலாமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: நேரே போக முடியாது. இந்தக் கேள்வியோடு கவுண்டருக்கு வந்து திரும்பிப் போனவர்களை எண்ணினால் ஒரு பஸ் நிரம்பும். உங்கள் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த சபை அது. குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட காசுப் பிணக்கென்றால், சபையில் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் வழக்கு எடுபடாது. தொடக்கத்தில் அந்த எல்லை 25,000 ரூபாய், 2016இல் செய்த திருத்தத்தில் 5 இலட்சமாக்கினார்கள். காலத்துக்குக் காலம் உயர்த்துகிற எல்லை அது, உங்கள் ஒன்றரை இலட்சம் எப்படியும் அதற்குள்தான் வரும்.

ஜனங்கள் இந்தச் சபையை ‘கோர்ட்டுக்குப் போக முந்தி ஒரு சீல் குத்தும் இடம்’ என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள், எனக்கு அதுதான் ஆத்திரம். அங்கே லோயர்மார் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களும் அவரும் நேருக்கு நேர் இருந்து கதைக்க வேண்டும், நடுவில் பயிற்சி பெற்ற மத்தியஸ்தர்கள் இருப்பார்கள். பெரும்பாலும் சனி ஞாயிறில், ஏதாவது பள்ளிக்கூட வகுப்பறையில், சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் மடங்கி இருந்துகொண்டு. அந்த வாங்கில் இருந்து ‘மாதம் பத்தாயிரமாகத் தாறன்’ என்று சொல்லி எழுதிக் கையெழுத்து வைத்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் ஆளும் ‘அண்ணை’ என்றுதானே மெசேஜ் அனுப்புகிறார், முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அப்புறம் காலக்கெடு. இதைத்தான் ஆட்கள் யோசிப்பதே இல்லை. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்தில்லாத கடனுக்கு 3 வருடம், எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம். கடைக்காரர்களுக்குத்தான் மிகக் குறைவு: கடனுக்குக் கொடுத்த சாமானின் பில்லுக்கு ஒரே ஒரு வருடம். புறக்கோட்டையில் கொப்பி நிறையக் கடன் எழுதிவைத்துக்கொண்டு ‘பார்ப்பம் பார்ப்பம்’ என்று நாலு வருடம் விட்டவர்கள் கோர்ட்டில் நிற்கும்போது அந்தக் கொப்பியைப் பார்க்கவே பரிதாபமாக இருக்கும். எழுத்தில்லாத கடனென்றால் உங்களுக்கு மிச்சம் ஒரு வருடம். இடையில் அவர் கொஞ்சக் காசு திருப்பித் தந்திருந்தாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலோ கணக்கு மாறலாம். அந்த மெசேஜ்கள் எப்படிப்பட்ட எழுத்து என்பதை ஒரு சட்டத்தரணி பார்த்துச் சொல்லட்டும். (பார்த்தீர்களா, இளைப்பாறியும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.) 2006இல் வந்த இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்துக்குப் பிறகு இப்படியான மெசேஜ்களையும் சாட்சியமாகக் கொண்டுவரலாம், அதனால் போனை மாற்றினாலும் பழைய போனை எறிந்துவிடாதீர்கள்.

சீட்டுக் காசு பற்றியும் ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: சீட்டு பிடித்த அக்கா வைத்திருந்த கொப்பியின் போட்டோப் பிரதி உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைத் தேடுங்கள்.

கேள்வி: கோர்ட்டிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. சிங்களத்தில் இருந்ததாலும், பெயரும் சரியாக என் கணவருடையது அல்லாததாலும் பிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து ஒருவர் நேரே வந்து இன்னொன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பிழையான பெயரில் வந்ததை நாங்கள் ஏன் பொருட்படுத்த வேண்டும்? (வாசகி, தெமட்டகொடை)

பதில்: அம்மா, அந்த பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் கடிதத்தை இன்றைக்கே எடுங்கள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு எழும்பி எடுங்கள்.

அழைப்பாணை முதலில் பதிவுத் தபாலில் வரும். அதற்கு ஆள் வராவிட்டால் பிஸ்கால் நேரே கொண்டுவந்து கொடுப்பார். ஆளைப் பிடிக்கவே முடியாவிட்டால் கோர்ட்டின் கட்டளையோடு வீட்டு வாசலில் ஒட்டிவிட்டுப் போகவும் வழி இருக்கிறது. உங்களுக்கு இரண்டாம் கட்டம் நடந்துவிட்டது. அதில் போட்ட தவணைக்கும் போகாவிட்டால் ஒருதலைத் தீர்ப்பு. பிறகு நான் மேலே சொன்ன அந்த 14 நாள்.

பெயர் விஷயம் எனக்கு நன்றாக விளங்குகிறது, இதில் நான் வருடக்கணக்காக முழிபிதுங்கியிருக்கிறேன். நம்மவர்களுக்கு அப்பாவின் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். சிங்களப் பெயரில் ஒழுங்கு வேறு. வழக்குப் போடுபவர் உங்கள் கணவரின் பெயரைத் தன் கொப்பியில் ஒரு விதமாக எழுதியிருப்பார், லோயர் அதை ஆங்கிலத்தில் இன்னொரு விதமாக அடிப்பார், அழைப்பாணையில் அது சிங்களத்துக்கு வரும்போது மூன்றாவது ஆள் ஒருவர் பிறந்துவிடுவார். ஞானம் நானமாகும், ழகரம் எங்கேயோ போய்விடும், மாமனாரின் பெயரில் உங்கள் கணவரைக் கூப்பிடுவார்கள். ஆனால் விலாசம் சரி, ஆள் சரி, கொடுக்கல்வாங்கலும் உண்மையென்றால் எழுத்துப்பிழை உங்களைக் காப்பாற்றாது. அதைத் திருத்திக்கொள்ளக் கோர்ட்டுக்கு வழி இருக்கிறது. ‘இது நான் அல்ல’ என்பதையும் வீட்டிலிருந்து சொல்ல முடியாது, போய்த்தான் சொல்ல வேண்டும்.

போகும்போது மொழிக்குப் பயப்பட வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, 1988இல் வந்த 16ஆம் திருத்தத்தோடு, தெளிவாக இருக்கிறது: கொழும்பில் கோர்ட் நடப்பது சிங்களத்தில் என்றாலும் நீங்கள் தமிழில் கடதாசி தாக்கல் செய்யலாம், அங்கே பேசப்படுவது விளங்காவிட்டால் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்க உரிமை உண்டு, அதற்கான ஏற்பாட்டை அரசுதான் செய்ய வேண்டும். கூப்பிட்டதும் எழும்பி, ‘எனக்குத் தமிழில் சொல்ல வேண்டும்’ என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ‘என்ன சொன்னவை?’ என்று என்னிடம் கேட்டவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. தலையாட்டியது ஜேர்னலில் ‘சம்மதித்தார்’ என்று ஏறிய பிறகு நான் என்ன செய்ய?

கேள்வி: வாசலில் ஒருவர் ஐயாயிரம் தந்தால் தவணையை முன்னுக்கு எடுத்துத் தருவேன் என்கிறார். கொடுக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: கூடாது. தவணை போடுவது நீதிபதி, வாசலில் நிற்பவர் அல்ல. தவணையை முன்னுக்கு எடுக்க நியாயமான காரணம் இருந்தால் லோயர் மோஷன் போட்டுக் கேட்பார், அதற்கு மோஷன் செலவுதான். உள்ளே இருக்கும் ஒருவரே கேட்டால் இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

கேள்வி: என் மகன் லண்டனில் ஒரு கராஜ்காரனிடம் ஏமாந்த 600 பவுணை லோயர் இல்லாமல், கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்பி, சின்னக் கோர்ட்டில் போட்டு எடுத்துவிட்டான். நம்மூரில் ஏன் அப்படியொன்று இல்லை? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: இங்கிலாந்தில் 10,000 பவுண் வரைக்குமான சாதாரணக் காசுக் கோரிக்கைகள் அந்தச் சிறு கோரிக்கைப் பாதையில்தான் போகும், மகன் சொன்னது சரி. ஆனால் நம்மூரில் அப்படியொன்று இல்லவே இல்லை என்பது சரியல்ல. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சின்னக் காசு வழக்குகளுக்கு ‘கோர்ட் ஒஃப் ரிக்குவெஸ்ட்ஸ்’ என்று ஒன்று இருந்தது, வயது போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1974 தொடக்கத்தில் புதிய நீதி நிர்வாகச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோடு அது போயிற்று. பிறகு 1978இல் ஆரம்ப நீதிமன்றம் என்று கொண்டுவந்து, 1,500 ரூபாய் வரைக்குமான வழக்குகளை அங்கே விட்டார்கள். ஆயிரத்தைந்நூறு ரூபாய்! அன்றைக்கு அது காசு. இப்போது அதற்காகக் கோர்ட் ஏறினால் பஸ்ஸுக்கும் தேத்தண்ணிக்குமே போய்விடும். 2022இல் சிறு கோரிக்கை நீதிமன்றங்களுக்கென்று தனிச் சட்டமும் பாராளுமன்றத்தில் நிறைவேறியது.

என்னைக் கேட்டால், கட்டடத்துக்கு என்ன பெயர் வைக்கிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை. மகன் நிரப்பிய அந்தப் படிவத்தில்தான் விஷயம். யார், யாரிடம், எவ்வளவு, ஏன் என்று நாலு கட்டத்தில் சாதாரண ஆளே எழுதக்கூடிய ஒரு படிவம் தமிழிலும் சிங்களத்திலும் கவுண்டரில் இருந்தால் பாதிக் கூட்டம் லோயர் இல்லாமலே வேலையை முடித்துக்கொண்டு போகும். எங்களுக்கு வருபவையோ, நாலு வரிக் கடனுக்கு நாற்பது பந்தி முறைப்பாடுகள். இன்னொன்று, லண்டனிலும் கோர்ட் ஊழியர்கள் சட்ட ஆலோசனை சொல்ல மாட்டார்கள். மகனைக் கேட்டுப் பாருங்கள், அவனையும் வேறெங்காவது கேட்கச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள்.

கேள்வி: கோர்ட்டுக்கு என்ன உடுத்துப் போவது? போன் கொண்டுபோகலாமா? (வாசகி, மருதானை)

பதில்: கோயிலுக்குப் போவதுபோல. போனை மன்றுக்குள் போகமுன் நிறுத்திவிடுங்கள், ‘சைலண்ட்’ போதாது. ஒன்பது மணிக்கே போய்ப் பட்டியலில் உங்கள் இலக்கம் எத்தனையாவது என்று பாருங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் நீதிமன்ற விடுமுறை வரும், அந்த நாட்களில் போய் வெறும் கதவைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தாத்தாவின் கொழும்புக் காணி பற்றி அறுபதுகளில் ஒரு வழக்கு நடந்ததாகச் சொல்வார்கள். தீர்ப்பின் பிரதி எடுக்க முடியுமா? யாரிடம் கேட்பது? (வாசகர், வத்தளை)

பதில்: வழக்கு இலக்கம் இருக்கிறதா? இல்லையென்று சொல்லப்போகிறீர்கள், தெரியும். அப்படியென்றால் கோர்ட்டுக்குப் போகமுன் காணிப் பதிவகத்துக்குப் போங்கள். காணி வழக்கென்றால் வழக்கு நடப்பதையே காணியின் ஏட்டில் பதிந்துவைப்பது வழக்கம், அந்த ஏட்டில் வழக்கு இலக்கம் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஏட்டைத் தேட, காணியின் பழைய உறுதி ஏதாவது வேண்டும், அலுமாரியில் பாட்டியின் சேலைகளுக்கு அடியில் ஒன்று இருக்கும் பாருங்கள். உறுதியின் கடைசிப் பக்கத்தில் பதிவு விபரம் எழுதியிருப்பார்கள். பழைய உறுதிகளில் மை மங்கியிருக்கும், வெயில் வெளிச்சத்தில் பிடித்து வாசியுங்கள், 3உம் 8உம் ஒன்றுபோலத் தெரியும்.

இலக்கம் கிடைத்தால் பிறகு அவ்வளவு கஷ்டமில்லை. சான்றுபடுத்திய பிரதி வேண்டும் என்று ஒரு மோஷன் போட்டு, பக்கக் கணக்குக்குக் கட்டணம் கட்டினால் ரெக்கோட் ரூமில் தேடித் தருவார்கள். தேடுகிற பொடியனிடம் இலக்கத்தை மட்டும் சொல்லாமல் வருடத்தையும் இரண்டு தரப்புப் பெயர்களையும் எழுதிக் கொடுங்கள், அவன் இறக்கப்போவது யாரும் பல வருடமாகக் கைவைக்காத ஒரு கட்டை. முறைப்பாடு, விடை, தீர்ப்பு மூன்றையும் கேளுங்கள், தீர்ப்பை மட்டும் வாங்கினால் எந்தத் துண்டுக் காணியைப் பற்றிய கதை என்றே விளங்காது. கோப்பைப் பார்வையிட உங்களையும் பக்கத்தில் இருக்க விட்டால் ஒரு பெரிய லேஞ்சி கொண்டுபோங்கள், மூக்கைக் கட்ட. அறுபதுகளின் தூசு பொல்லாதது, எனக்கு இன்னும் தும்மல் நிற்கவில்லை.